குதிரையின் வயிற்றில் ஒரு காப்பியம்

பாரிஸ் மாநகரின் நடுவே சீன் நதி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகும் இடத்தில் ஒரு தீவு உண்டு. அத்தீவின் மேற்கு முனையைத் தொட்டுக்கொண்டு ஆற்றின் இரு கரைகளையும் இணைக்கும் பாலத்திற்குப் 'போன் நெஃப்' என்று பெயர். 'புதுப்பாலம்' என்பது அதன் பொருள். 1578ஆம் ஆண்டு மூன்றாம் ஹென்றி மன்னன் அடிக்கல் நாட்ட, உள்நாட்டுப் போரால் வேலை நின்று, பின்னர் நான்காம் ஹென்றியின் காலத்தில் 1607இல் முடிந்தது. இன்று பாரிசில் அந்நதியின்மேல் நிற்கும் பாலங்கள் அனைத்திலும் பழையது இந்தப் புதுப்பாலமே. நம் ஊர்களில் உள்ள 'புதுத்தெரு'க்கள் பலவற்றின் வயதும் இப்படித்தான் இருக்கிறது.

பாலத்தின் நடுவில், தீவு முனையில், அகன்ற மேடையொன்று ஆற்றை நோக்கி நீண்டிருக்கிறது. அதன்மேல் உயர்ந்த பீடம். பீடத்தின்மேல் வெண்கலக் குதிரையில் நான்காம் ஹென்றி. பீடத்தின் இரு பக்கங்களிலும் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, முற்றுகைக்குள் பசியால் வாடும் பாரிஸ் மக்களுக்கு மன்னன் ரொட்டி வழங்கச் செய்யும் காட்சி. காண்பவர் மனம் இளகும் காட்சிதான். ஆனால் அந்த முற்றுகையை இட்டவன் யார் என்று கேட்டால், பீடத்தின்மேல் அமர்ந்திருப்பவனே என்பதுதான் விடை.

மெய்க்கீர்த்திகளைப் பாடமாக நடத்திப் பழகிய நமக்கு இத்தகைய புகழுரை புதிதன்று. அரசன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது ஒரு வகை. இங்கு நிகழ்ந்தது வேறு. இந்தப் புகழைச் செதுக்கியவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அம்மன்னன் கொலையுண்டு இறந்திருந்தான். அவனைக் கருணை வள்ளலாக ஆக்கியது வாளுமன்று, உளியுமன்று. ஒரு காப்பியம் என்பதே நம் கருத்து. அதை விளக்க, முதலில் அந்தப் பசியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1553இல் பிரான்சின் தென்மேற்கே போ என்னும் நகரில் பிறந்த ஹென்றி, புராட்டஸ்டண்டு சமயத்தில் வளர்க்கப்பட்டவன். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்துகொண்டிருந்த காலம் அது. சமாதானத்திற்காக என்று கத்தோலிக்க இளவரசி மார்கரீத்தை 1572 ஆகஸ்டில் அவனுக்கு மணமுடித்தார்கள். திருமணத்திற்கு வந்திருந்த புராட்டஸ்டண்டு பிரபுக்கள் சில நாட்களுக்குள் பாரிஸ் தெருக்களில் படுகொலை செய்யப்பட்டனர். அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மணமகன் சமயம் மாறி உயிர் தப்பினான். பின் அங்கிருந்து தப்பியோடிப் பழைய சமயத்திற்கே திரும்பினான். 1589இல் மூன்றாம் ஹென்றி ஒரு துறவியின் கத்திக்கு இரையாகவே, வாரிசு முறைப்படி பிரான்சின் மணிமுடி இவனுக்கு வந்தது. முடி வந்ததேயொழிய, தலைநகர் வரவில்லை. கத்தோலிக்கக் கூட்டணியின் கையிலிருந்த பாரிஸ், புராட்டஸ்டண்டு ஒருவனை மன்னனாக ஏற்க மறுத்துக் கதவடைத்தது.

1590 மே மாதம் ஹென்றி நகரை வளைத்தான். சுற்றியிருந்த மாவரைக்கும் காற்றாலைகளைக் கொளுத்தினான். ஆற்று வழியையும் சாலைகளையும் அடைத்தான். பீரங்கியால் ஆகாததைப் பசியால் ஆக்குவது என்பது திட்டம். ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்று மாதங்கள் நகர்ந்தன. நகருக்குள் குதிரை, கழுதை, நாய், பூனை என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள். கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்பை மாவாக்கி ரொட்டி சுட்டார்கள் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கின்றனர். பசியாலும் நோயாலும் மாண்டவர் தொகையை முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஏழைகளில் ஒரு பகுதியினரை வெளியேற மன்னன் அனுமதித்ததும், முற்றுகைக் காவல் ஆங்காங்கே தளர்ந்து சிறிது உணவு உள்ளே போனதும் உண்மையே. புடைப்புச் சிற்பத்திற்கு ஆதாரமென்று சொல்லத்தக்கது இவ்வளவுதான். ஆகஸ்டு இறுதியில் ஸ்பானியப் படையுடன் பார்மா கோமகன் வந்து சேர்ந்தபிறகே நகருக்கு விடிவு பிறந்தது. மன்னனின் இரக்கம் அந்த முற்றுகையை முடிக்கவில்லை. பகைவனின் படை முடித்தது.

பசியால் திறக்காத கதவு பூசையால் திறந்தது. 1593 ஜூலையில் ஹென்றி சான் தெனி தேவாலயத்தில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினான். 1594 மார்ச்சு 22ஆம் நாள், பெரிய போர் எதுவுமின்றிப் பாரிசுக்குள் நுழைந்தான். நகரிலிருந்த ஸ்பானியப் படையைக்கூட மரியாதையுடன் வெளியேற விட்டான். 1598இல் நாந்த் அரசாணையின் மூலம் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமையும் பாதுகாப்பும் அளித்தான். அவன் பெற்ற புகழில் பாதியாவது நேர்மையாகச் சம்பாதித்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பழிவாங்காமை அக்காலத்து அரசரிடையே அரிய பண்பு. அவ்வாணையை 1685இல் நீக்கியவன் அவனுடைய பேரன் பதினான்காம் லூயி என்பது வேறு கதை.

இனிச் சிலைக்கு வருவோம். ஹென்றியின் இரண்டாம் மனைவி மரீ தெ மெதிசி, இத்தாலியின் பிளாரன்சு நகரத்து அரச குடும்பத்தவள். தன் கணவனுக்கு ஒரு குதிரைச் சிலை வேண்டுமென்று 1604இல் பிளாரன்சிலிருந்த புகழ்பெற்ற சிற்பி ஜாம்போலோன்யாவிடம் சொல்லியனுப்பினாள். 1608இல் அம்முதிய சிற்பி இறந்துபோக, சீடர் பியெத்ரோ தாக்கா வேலையைத் தொடர்ந்தார். சிலை முடியுமுன் சிலைக்கு உரியவனும் இறந்தான். 1610 மே 14ஆம் நாள், பாரிசின் நெரிசலான தெருவொன்றில் வண்டி நின்றபோது, ரவாயக் என்னும் மதவெறியன் மன்னனைக் கத்தியால் குத்திக் கொன்றான். வாழ்த்தாகத் தொடங்கிய சிலை நினைவுச் சின்னமாக முடிந்தது. 1613இல் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து அதை ஏற்றிவந்த கப்பல் சார்தீனியத் தீவருகே விபத்துக்குள்ளாகி, குதிரையும் மன்னனும் கடலடியில் கிடந்து மீட்கப்பட்டதாகச் சொல்வர். ஒருவழியாக 1614 ஆகஸ்டு 23இல் புதுப்பாலத்தருகே அது நிறுவப்பெற்றது. பின்னர்ப் பீடத்தின் நான்கு மூலைகளிலும் கட்டுண்ட அடிமைகள் நால்வரின் வெண்கல உருவங்களைச் சேர்த்தார்கள். அந்நால்வரும் இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள்.

பொதுவிடத்தில் அரசனொருவனின் குதிரைச் சிலை இவ்வாறு தனித்து நிற்பதைப் பாரிஸ் மக்கள் அதற்குமுன் கண்டதில்லை. அவர்கள் அதற்கு இட்ட பெயர்தான் சுவையானது: 'வெண்கலக் குதிரை'. அரசனை விட்டுவிட்டுக் குதிரையைப் பெயராக்கிக்கொண்டார்கள்! பாலமும் அப்படிப்பட்ட இடம். மற்றப் பாலங்களைப் போல இருபுறமும் வீடுகள் எழுப்பி ஆற்றை மறைக்காமல் கட்டப்பட்டது. நடப்பவர்க்கென உயர்ந்த நடைபாதையும் அதில் இருந்தது. ஆகவே நகரமே அங்கு வந்து நின்றது. பல் பிடுங்குவோர், மருந்து விற்போர், கழைக்கூத்தர், பழைய புத்தகக்காரர், தெருப்பாடகர் என்று எல்லாருக்கும் அதுவே களம். தெருவில் பாடப்படும் எளிய மெட்டுப் பாடலுக்கே 'போன் நெஃப்' என்று பெயராகிவிட்டது. அரசவையில் பேச முடியாததைப் பேசும் இடமாகவும் அது இருந்தது. 1617இல் அரசியின் செல்வாக்கு மிகுந்த கோன்சினி கொல்லப்பட்டபோது, மக்கள் அவன் பிணத்தைத் தோண்டி எடுத்து இப்பாலத்திற்குத்தான் இழுத்து வந்து தூக்கில் தொங்கவிட்டார்கள். அரசியின் கையாளை அரசியின் கணவன் சிலைக்கருகே! சிலை என்பது நிறுவியவர் சொன்னதை மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை போலும்.

ஹென்றி இறந்து ஒரு நூற்றாண்டு கழிந்தது. அவனைப் பற்றிய இனிய கதைகள் பெருகின. ஞாயிறுதோறும் ஒவ்வொரு உழவன் வீட்டுப் பானையிலும் ஒரு கோழி வேகவேண்டும் என்று அவன் விரும்பினான் என்ற புகழ்பெற்ற செய்தியைப் பலரும் அறிவர். அக்கதையைப் பரப்பியது, பதினான்காம் லூயிக்கு ஆசிரியராயிருந்த பெரெஃபீக்ஸ் எழுதி 1661இல் வெளிவந்த வரலாறு. மன்னன் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவன் பேரனுக்குப் பாடம் சொன்னவர் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வந்தவர் வால்டேர். 1717இல் பாஸ்டீல் சிறையில் அடைபட்டுக் கிடந்த இருபத்து மூன்று வயது இளைஞராக அவர் ஹென்றியைப் பற்றிய காப்பியத்தில் உழைத்துக்கொண்டிருந்தார். 1723இல் அதன் முதல் வடிவம் திருட்டுத்தனமாக அச்சாயிற்று. விரிவாக்கப்பட்ட பத்துச் சருக்கக் காப்பியம் 'லா ஹென்ரியாட்' என்ற பெயரில் 1728இல் இலண்டனில் வெளிவந்தது. பிரெஞ்சு மன்னனைப் பற்றிய பிரெஞ்சுக் காப்பியம் இங்கிலாந்து அரசிக்குக் காணிக்கையாக்கப்பட்டு இலண்டனில் அச்சேறியதன் காரணம் வெளிப்படை: மதவெறியைச் சாடும் நூல் அது. அந்த நோக்கத்திற்கு வால்டேருக்கு ஒரு தலைவன் தேவைப்பட்டான். இரு சமயங்களையும் கண்டவன், கொன்றவரை மன்னித்தவன், இறுதியில் மதவெறியனின் கத்தியால் இறந்தவன் ஹென்றியைவிடப் பொருத்தமானவன் யார்?

காப்பியத்தின் பத்தாம் சருக்கத்தில் முற்றுகை வருகிறது. பசியின் கொடுமையை வால்டேர் மறைக்கவில்லை. எலும்பு மாவு ரொட்டியும் வருகிறது. பசி முற்றிப் பெற்ற பிள்ளையையே கொன்று உண்ணத் துணிந்த தாயும் வருகிறாள். பிறகு அதைக் கேட்டுக் கலங்கும் மன்னன் வருகிறான். தன் வெற்றியே தள்ளிப்போனாலும் சரியென்று தன்னை எதிர்க்கும் மக்களுக்கு உணவளிக்கிறான். காவல் தளர்ந்ததால் கசிந்த உணவு, கவிஞர் கையில் தந்தையின் கொடையாகிவிட்டது. காப்பியம் என்ற அளவில் ஹென்ரியாட்டை இன்று விரும்பிப் படிப்பவர் மிகச் சிலரே. நாமும் அதை மொழிபெயர்ப்பில், கடமைக்காகவே படித்து முடித்தோம். யாப்பின் சிறப்பு மொழிபெயர்ப்பில் போயிருக்கலாம், ஆயினும் அதன் உருவகப் பாத்திரங்கள் அலுப்பூட்டுகின்றன. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் அது பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. படித்தவர் நெஞ்சிலெல்லாம் ரொட்டி வழங்கும் மன்னன் குடியேறினான்.

அதன் விளைவைப் பாலத்திலேயே காணலாம். 1788 ஆகஸ்டில், வெறுக்கப்பட்ட அமைச்சர் பிரியேன் பதவி இழந்தபோது, மக்கள் புதுப்பாலத்தில் கூடினார்கள். அவ்வழியே வந்த வண்டிகளை நிறுத்தி, உள்ளிருந்த சீமான்களை இறக்கி, ஹென்றியின் சிலைக்கு வணக்கம் செலுத்த வைத்தார்கள். ஆளும் மன்னனைக் கண்டிக்க இறந்த மன்னனை வணங்குவது! 1789இல் புரட்சி வெடித்தபோது சிலைக்கு மூவண்ணச் சின்னம் சூட்டினார்கள். பாலத்தைச் சூழ்ந்த வட்டாரத்திற்கே ஹென்றியின் பெயர் இருந்தது.

மூன்றே ஆண்டுகள். 1792 ஆகஸ்டு 10ஆம் நாள் அரண்மனை தாக்கப்பட்டு முடியாட்சி வீழ்ந்தது. அதைத் தொடர்ந்த நாட்களில் நகரத்துச் சதுக்கங்களிலிருந்த பதின்மூன்றாம், பதினான்காம், பதினைந்தாம் லூயிகளின் சிலைகள் ஒவ்வொன்றாகக் கயிறு கட்டிச் சாய்க்கப்பட்டன. ஹென்றியின் முன் மட்டும் கூட்டம் சற்றுத் தயங்கியது. அவ்வட்டாரத்தார் சட்டமன்றத்தில் வந்து சொன்ன செய்தியின் சாரம் இது: அவனுடைய நற்பண்புகள் எங்களைச் சிறிது தடுத்தன, ஆனால் அவன் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட மன்னன் அல்லன் என்பது நினைவுக்கு வந்தது, சிலை விழுந்தது. இந்தத் தயக்கத்தை நாம் பெரிதாக மதிக்கிறோம். வெறுப்பில் உடைப்பது எளிது. நேற்றுவரை வணங்கியதை இன்று ஒரு நியாயம் சொல்லி உடைப்பவர்களின் கை எப்படி நடுங்கியிருக்கும்! வெண்கலம் பீரங்கி வார்க்கப் போயிற்று. குதிரையின் கால் ஒன்று, மன்னனின் கை, காலணியணிந்த கால் என்று சில துண்டுகள் மட்டும் எஞ்சிக் கார்னவாலே அருங்காட்சியகத்தில் உள்ளன.

உடலும் தப்பவில்லை. 1793 அக்டோபரில் சான் தெனியிலிருந்த அரச கல்லறைகள் திறக்கப்பட்டன. ஹென்றியின் உடல் கெடாமல், முகம் அடையாளம் தெரியும் நிலையில் இருந்ததைக் கண்டு வியந்து, பொதுமக்கள் பார்க்க வைத்துப் பின்னர்க் குழியில் தள்ளினார்கள். ஒரு தலையை அவனுடையதென்று 2010இல் மருத்துவ ஆய்வாளர் அறிவித்ததும், 2013இல் மரபணு ஆய்வொன்று அதை மறுத்ததும் பிற்காலச் செய்திகள்.

வெற்று மேடையில் பெரும் கல்தூண் ஒன்றை எழுப்ப நெப்போலியன் எண்ணினான்; நிறைவேறவில்லை. 1814 மே மாதம் பதினெட்டாம் லூயி நாடு திரும்பிப் பாரிசுக்குள் ஊர்வலம் வந்தபோது, அவசரத்திற்குச் சுண்ணச் சாந்தால் செய்த ஹென்றி ஒருவன் பாலத்தில் நின்று வரவேற்றான். முப்பாட்டனின் பெயரைக் காட்டித்தான் அந்தப் புதிய அரசு மக்களிடம் அன்பு கேட்க முடிந்தது. உடனே பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நிலையான சிலை செய்யும் பொறுப்பு சிற்பி லெமோவிடம் ஒப்படைக்கப்பட்டது.

வெண்கலம் எங்கிருந்து வந்தது? வாந்தோம் சதுக்கத்துத் தூணின் உச்சியிலிருந்து 1814இல் இறக்கப்பட்ட நெப்போலியன் சிலையை உருக்கினார்கள். அவனுடைய தளபதி தெஸேயின் சிலையையும் சேர்த்துக்கொண்டார்கள். (1810இல் திறக்கப்பட்ட இந்தத் தெஸே முழு நிர்வாணமாக நின்றமையால் ஊரே நகைத்து, விரைவிலேயே அவரைச் சாரம் கட்டி மறைக்க நேர்ந்தது. உருகிப்போனது அவருக்கு விடுதலை என்றே சொல்லலாம்.) அரசனை உருக்கிப் பீரங்கி வார்த்த ஊர், பேரரசனை உருக்கி மீண்டும் அரசனை வார்த்தது. வார்ப்படச் சாலையில் வேலை செய்த நெப்போலியன் பற்றாளன் ஒருவன், மன்னனின் வலக்கைக்குள் பேரரசனின் சிறிய உருவம் ஒன்றை மறைத்து வைத்தான் என்றொரு கதையும் வழங்குகிறது.

1818 ஆகஸ்டில் பெருஞ்சிலையை வண்டியிலேற்றி இழுத்து வந்தபோது மாடுகள் சோர்ந்து நின்றுவிட, மக்களே வடம் பிடித்தார்கள். தேரோட்டம் கண்ட நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று. ஆகஸ்டு 25ஆம் நாள் சிலை திறக்கப்பெற்றது. அதைப் பாடிய இளைஞர் ஒருவரின் கவிதைக்குத் துலூஸ் நகரத்து மலர்ப் போட்டிக் கழகம் 1819இல் பொன் அல்லியைப் பரிசளித்தது. நோயுற்ற தாயின் படுக்கையருகே ஒரே இரவில் அதை எழுதி முடித்தார் என்பர். அந்தப் பதினேழு வயதுக் கவிஞர் விக்டர் ஹியூகோ. பின்னாளில் குடியரசின் குரலாக விளங்கியவரின் முதல் வெற்றிகளுள் ஒன்று, மீண்டும் வந்த மன்னனைப் பாடிப் பெற்றது.

சுவாமிமலைத் திருமேனிகளைப் போல இத்தகைய பெருஞ்சிலைகள் கனமாக வார்க்கப்படுவதில்லை. உள்ளே குடைவாகவே இருக்கும். அந்த வெற்றிடத்தில், குதிரையின் வயிற்றுக்குள், பெட்டிகளில் ஆவணங்களையும் பதக்கங்களையும் நூல்களையும் வைத்து மூடினார்கள். ஹென்றியின் அமைச்சர் சுல்லியின் நினைவுக் குறிப்புகள், கோழிக் கதை சொன்ன பெரெஃபீக்சின் வரலாறு, அவற்றோடு வால்டேரின் ஹென்ரியாட். திருச்சபையின் துணையோடு அரியணை ஏறிய அரசு, திருச்சபை வாழ்நாளெல்லாம் அஞ்சிய எழுத்தாளரின் நூலைத் தன் குலமுதல்வனின் குதிரைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது. வேறு வழியில்லை, அவர்கள் வணங்கிய ஹென்றி அவர் படைத்த ஹென்றிதானே.

2004இல் சிலையைச் செப்பனிட்டார்கள். இன்றும் குதிரை கிழக்கே தோஃபீன் சதுக்கத்தைப் பார்த்து நிற்கிறது. பின்புறம் படிகளில் இறங்கினால் ஏறத்தாழ ஏழு மீட்டர் தாழ்வில், தீவின் பழைய தரைமட்டத்தில், சிறு பூங்கா. பீடத்தின் ஒரு பக்கத்தில் பாரிசுக்குள் நுழைந்து அமைதியை அறிவிக்கும் மன்னன். மறுபக்கத்தில் ரொட்டி வழங்கும் மன்னன். பத்தாம் சருக்கத்தில் வால்டேர் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து எழுதியிருந்தார். சிற்பி அவற்றுள் ரொட்டியை மட்டும் வெளியே வடித்தார். பிள்ளையைத் தின்ற தாய் குதிரையின் வயிற்றுக்குள், புத்தகத்தில் இருக்கிறாள்.